அப்பாவின் கைக்கு ஒன்றுமில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். வழக்கத்துக்காக இப்படி எழுதவில்லை. இந்த வாரம் நாங்கள் உண்மையிலேயே நலம். போன வாரம் எழுதியிருந்தால் பொய் எழுதியிருப்பேன்.

நீ ஃபோனை எடுப்பதில்லை. தோழியின் ஃபோனிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் "வேலையில இருக்கேன்" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதென்றால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

முதலில் விஷயம். கதைகளில் முக்கியமானதைக் கடைசியில்தான் சொல்வார்கள். எனக்கும் அப்படி எழுத ஆசைதான், ஆனால் நீ பாவம். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்தில் அப்பா பிடில் வாசிப்பார். வாசிக்க மாட்டேன் என்று அவர் சொன்னதற்கும் நீ விரும்பும் அந்த ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரருக்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை. தன் கை போய்விட்டது என்று அப்பாவுக்கு நினைப்பு. கை போகவில்லை. இனி நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் அப்பா மண்டபத்துப் படியில் லேசாக வழுக்கிவிட்டார் என்று உனக்குச் சொன்னோம் அல்லவா, அது லேசு இல்லை. ஒரு கல்யாணத்தில் வாசித்து முடித்து, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கும்போது ஈரப் படியில் கால் சறுக்கி, மேலிருந்து கீழ்வரை பெட்டியோடு உருண்டார். வலது முழங்கை எலும்பு முறிந்தது. பிடிலுக்குக் கழுத்து கழன்று, வயிற்றில் விரிசல். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிடிலை மாமா நகரத்துக் கடைக்குக் கொண்டுபோனார். உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று அப்பா கண்டித்துச் சொல்லிவிட்டார். தெரிந்தால் நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவாய், வேலைக்கு ஆபத்து என்றார். நர்ஸாக இருக்கும் மகளிடமே எலும்பு முறிவை மறைத்த குடும்பம் உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

கட்டுப் பிரித்த அதே வாரம் பிடிலும் திரும்பி வந்தது. மாமா துணியை விலக்கிக் காட்டியபோது எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரி மினுமினுத்தது. "எங்க மச்சான் பெரிய வாத்தியக்காரர், எல்லாத்தையும் முதல் தரமா போடுங்கன்னு சொல்லிட்டேன்" என்று மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அப்பாவின் கையைப் பார்த்த டாக்டரும் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்றார். கூடவே, "முன்ன மாதிரி முழுசா நீளாமலும் போகலாம், பார்ப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். நல்லதாகச் சொன்ன அத்தனையும் காற்றோடு போய்விட்டன. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அன்று சாயங்காலம் அவர் பிடிலோடு பால் வண்டி நிற்கும் கொட்டகைக்குள் போனார். நான் சன்னலோரம் படித்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பிடித்த 'ரயில்வே கேட்' மெட்டைத் தொடங்கினார். மூடிய கேட்டுக்கு முன்னால் பால் வண்டியோடு காத்துக் காத்து, ஸ்டியரிங்கில் தாளம் தட்டி அவர் உண்டாக்கிய மெட்டு. அந்தக் கேட் இன்னும் கொஞ்சம் நேரத்தோடு திறந்திருந்தால் நமக்குப் பாதி மெட்டுதான் கிடைத்திருக்கும் என்று நீதான் சொல்வாய்.

அப்பா வாசித்தால் இரண்டு தந்தி சேர்ந்துதான் பேசும், கேட்டு வளர்ந்த உனக்கே தெரியும். ஒன்றில் மெட்டு ஓடும். பக்கத்துத் தந்தி கூடவே முழங்கிக்கொண்டு வரும். மைக் இல்லாத மண்டபத்தில், அத்தனை பேர் குதித்து ஆடும் சத்தத்துக்கு மேலே ஒற்றைத் தந்தி எடுபடாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஆடுகிறவர்களின் காலுக்குப் போய்ச் சேரும். அன்று ஒற்றைத் தந்தி மட்டும்தான் கேட்டது. இரண்டாவதையும் சேர்க்கப் போனால் கிறீச்சென்றது. நிறுத்துவார், மறுபடி தொடங்குவார், மறுபடி கிறீச். பிறகு பெட்டியின் கொக்கி மாட்டும் சத்தம். உள்ளே வந்து பெட்டியைப் பீரோவின் மேல் தள்ளி வைத்துவிட்டு, முழங்கையைத் தடவிக்கொண்டே அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அந்த வாரக் கடைசியில்தான் நீ ஃபோன் செய்தாய்.

நீ என்ன பேசினாய் என்பது உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை நான் சொல்கிறேன். அப்பா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். நீ எக்ஸ்ரேக்காரரைப் பற்றிச் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. இதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன் அக்கா, சத்தியம். "நீங்கதான் வாசிக்கணும்ப்பா" என்று நீ கேட்டிருப்பாய் போலிருக்கிறது. அந்த இடத்தில் முகம் விழுந்தது. "வேற யாரையாவது பாத்துக்கங்கம்மா. நான் வாசிக்கல" என்றார். ஃபோனை அம்மாவிடம் நீட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

ஊர் ஊராகப் போய் யார் யார் கல்யாணத்துக்கோ வாசிக்கிறவர், பெற்ற மகள் கல்யாணத்துக்கு வாசிக்க மாட்டேன் என்றால் நீ வேறு எப்படி எடுத்துக்கொள்வாய்? அம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். நேரடியாக அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். "உங்கப்பாவுக்குச் சாப்பிட வர்ற எண்ணம் இருக்கான்னு கேளுடி" என்பாள். நான் கேட்பேன். "இருக்குன்னு சொல்லு" என்பார் அவர். எனக்குத் தபால்காரி வேலை பழகிவிட்டது. உன் கல்யாண உடைக்கு அம்மா வெட்டி வைத்திருந்த துணி, தையல் மெஷினிலிருந்து இறங்கி மடிப்போடு அலமாரிக்குள் போனது.

பிறகு, 'நாங்க இங்கயே ரிஜிஸ்டர் பண்ணிக்கிறோம், யாரும் வர வேணாம்' என்று நீ செய்தி அனுப்பினாய். அம்மா என்னை உரக்கப் படிக்கச் சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். எழுந்து போய்க் கொட்டகையில் பால் கேன்களைக் கழுவினார். அன்று காலையிலேயே கழுவிக் கவிழ்த்த கேன்கள்.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கி என் கையில் கொடுத்து, "தூக்கிட்டு வா" என்றார். எங்கே என்று கேட்டேன். "பம்ப்கிட்ட" என்றார். சைக்கிள் கடைக்காரரை அப்பா என்றைக்காவது தேடிப் போயிருக்கிறாரா? நம் வட்டாரத்தில் பிடில் வாசிப்பவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். அவர் வாசிப்பது காற்றடிப்பது போலிருக்கிறது என்று சொல்லி அப்பாதான் அவருக்குப் பம்ப் என்று பெயர் வைத்தார். பால்காரர் பிடில் வில்லை எடுத்தாலே பால் திரிந்துவிடும் என்று அவரும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்காவது எதிரெதிரே வந்துவிட்டால் இருவரும் மற்றவருடைய சட்டைப் பொத்தானைப் பார்ப்பார்களே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அப்படிப்பட்டவரிடம் பிடிலோடு போகிறார் என்றால் அதை அவரிடமே கொடுத்துவிட்டு வரப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

கடையில் ஒரு சைக்கிள் தலைகீழாக நின்றது. அதன் சொந்தக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, "என்ன பால்காரரே, பால் வண்டி பஞ்சரா?" என்றார். அப்பா சுவரில் தொங்கும் டயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு டயர்களிடமே சொல்வதுபோல, "மூத்தவளுக்குக் கல்யாணம் வருது. நீங்க வந்து வாசிக்கணும்" என்றார்.

கடைக்காரர் அதைக் கிண்டல் என்று நினைத்துவிட்டார். "ஏன், உங்க கைக்கு என்ன கேடு?" என்று வெடுக்கென்று கேட்டார்.

"கை போச்சு" என்றார் அப்பா.

அக்கா, அந்த இரண்டு சொல்லை அவர் அம்மாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்லவில்லை. தனக்கு ஆகவே ஆகாத மனிதரிடம் போய், பேப்பர் படிக்கும் ஓர் ஆளுக்கு முன்னால் சொன்னார். அத்தோடு விடவில்லை. என் கையிலிருந்த பெட்டியைக் காட்டி, "இதுலயே வாசிங்க. இந்தச் சத்தம்தான் அவளுக்குப் பழக்கம்" என்றார். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மற்றதையெல்லாம் நீ மறந்தாலும் இதை மறக்காதே.

கடைக்காரர் டியூபை அப்படியே தொட்டியில் விட்டுவிட்டு எழுந்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், நகத்திலிருந்த கறுப்பைக்கூடச் சுரண்டிக் கழுவினார். துடைத்துக்கொண்டு பிடிலை வாங்கினார். வில்லை ஓர் இழுப்பு இழுத்தார். கொட்டகையில் கேட்ட அதே கிறீச். முகத்தைச் சுளித்தார். மறுபடி இழுத்தார். அதே கிறீச். பிறகு ஒரு காரியம் செய்தார். சக்கரத்தில் கோட்டம் இருக்கிறதா என்று பார்க்கும்போது எப்படி ஒரு கண்ணை மூடிக்கொள்வாரோ அப்படி மூடிக்கொண்டு, பிடிலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"யோவ் பால்காரரே, இங்க இருந்த குதிரை எங்கய்யா? யாரு இங்க ஒட்டகத்தைக் கொண்டாந்து நிறுத்துனது?" என்று கத்தினார்.

தந்திகளைத் தாங்கி நிற்கிற சின்ன மரத்துண்டைத்தான் குதிரை என்பார்கள். மேடைக் கச்சேரி வாசிக்கிறவர்களுக்கு அதன் மேல்விளிம்பு நன்றாக வளைந்திருக்கும். ஒவ்வொரு தந்தியும் ஒவ்வோர் உயரத்தில் இருப்பதால் ஒன்றைத் தொடும் வில் மற்றொன்றைத் தொடாது. ஆட்டத்துக்கு வாசிக்கிறவர்களுக்கு அது ஆகாது. அதனால் அரத்தால் தேய்த்துத் தேய்த்துத் தட்டையாக்கிக்கொள்வார்களாம். அப்பா நீ பிறப்பதற்கு முன்பே தன்னுடையதைத் தேய்த்து வைத்துவிட்டார். அதன் பிறகு அதை ஒரு தனிப் பொருளாகவே நினைத்ததில்லை. தன் பல்லைத் தினமும் எண்ணிப் பார்க்கிறவர் யார்? நகரத்துக் கடையில், படியில் விழுந்து உடைந்த குதிரையை எடுத்துப் போட்டுவிட்டு, மாமா கேட்டபடியே முதல் தரமாக, வளைவானதாக ஒன்றை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, முறைப்படி அதுதான் சரி. அதில் அப்பாவின் பழகிய கை பழகியபடியே போய் முட்டிக்கொண்டது. அவர் பிடிலைச் சந்தேகப்படவில்லை, நேராகத் தன் முழங்கையைச் சந்தேகப்பட்டுவிட்டார்.

கடைக்காரர் சிரித்தார், அப்படிச் சிரித்தார். பெஞ்சில் இருந்தவர் பேப்பரை மடித்துவிட்டு என்ன என்ன என்று கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். கடைக்காரருக்குச் சிரிப்பு போய்க் கோபம் வந்துவிட்டது. "என்னத்தைச் சொல்றது? காலங்காத்தால அத்தனை பால் கேனைத் தூக்கி வண்டியில ஏத்துற, கை போச்சாம் கை! போனது உன் மூளைய்யா!" என்று திட்டிக்கொண்டே, டயர் அடுக்கின் மேலிருந்து, தட்டைக் குதிரை வைத்த தன் பிடிலை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தார். அப்பா அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "வாசிக்கலேன்னா விடு. உன் பொண்ணு கல்யாணத்துல உன் மெட்டைத்தான் நான் வாசிப்பேன். அதையும் தப்புத் தப்பா வாசிப்பேன்" என்றார் கடைக்காரர்.

அதற்குத்தான் அப்பா வில்லை எடுத்தார்.

'ரயில்வே கேட்' வாசித்தார். முதல் இழுப்பிலேயே இரண்டு தந்தியும் சேர்ந்து வந்துவிட்டன. அந்தச் சத்தத்தை விவரிக்க எழுதி எழுதி அடித்துவிட்டேன், நீயே கேட்டுக்கொள். சைக்கிளுக்குச் சொந்தக்காரரின் கால் தானாகத் தரையைத் தட்டியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு வாசித்து, முடித்து, பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது செயினுக்கு எண்ணெய் துடைக்கும் துணி. நெற்றியிலிருந்து கன்னம்வரை கறுப்பாக ஒரு கோடு. நான் சொல்லவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை.

கடைக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியில் டியூபைத் திருப்பிக்கொண்டே இருந்தார். தண்ணீரில் குமிழே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டாவது சுத்துல இன்னமும் அவசரப்படுற. அது உன் பழைய வியாதி. அதுக்கும் கைக்கும் சம்பந்தமில்ல" என்றார். இவ்வளவு இதமான திட்டை நான் கேட்டதே இல்லை.

பிறகு இருவருமாகப் புதுக் குதிரையைக் கழற்றி அரம் வைத்துத் தேய்த்தார்கள். போதும் என்று இவரும் இன்னும் கொஞ்சம் என்று அவரும் ஒரே சண்டை. உண்மையை மறைக்காமல் எழுத வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். முழங்கை முழுதாக நீளவில்லைதான். வில்லின் நுனிப் பகுதியைத் தொடாமல் விட்டுவிட்டுத்தான் அப்பா வாசிக்கிறார். "நுனி இல்லாட்டி என்ன, கரும்புக்கே நுனி ருசிக்காது" என்கிறார் கடைக்காரர். கல்யாணத்துக்கு அவரும் வருகிறார். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே வாசிப்பாராம். காற்றடிக்காமல் வாசித்தால் சரி என்று அப்பா சம்மதித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, இடையில் தபால்காரி இல்லாமல், நேராக அப்பாவையே பார்த்து, "அப்ப இதுதானா? அந்தப் பையனைப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள். அப்பா திகைத்துப்போனார். "பையனைப் பத்தி நான் என்ன சொன்னேன்?" என்றார். "ஒண்ணுமே சொல்லலியே! அதானே இத்தனை கூத்தும்!" என்றாள் அம்மா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தொடங்கினாள். அவர் முகத்தில் இருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டு, சேலைத் தலைப்பை நனைத்துத் தானே துடைத்துவிட்டாள். அப்புறம் மாமாவுக்கு ஃபோன் போட்டு, முதல் தரமாக அவரைத் திட்டினாள். வாங்குகிற திட்டை வாங்கிக்கொண்டு, கடைசியில் மாமா கேட்ட ஒரே கேள்வி, "அப்ப மச்சான் வாசிக்கிறாரா?" என்பதுதான். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அம்மா, "அந்த எக்ஸ்ரே தம்பிகிட்ட அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருந்தா கையையும் பிடிலையும் சேத்து ஒரு படம் எடுத்துப் பாத்திருக்கும்" என்றாள். அப்பா சிரித்தார். எத்தனையோ நாளாக நாங்கள் கேட்காத சிரிப்பு.

உன் துணி மறுபடி மெஷினில் ஏறிவிட்டது. நீ இளைத்திருக்கிறாயா பெருத்திருக்கிறாயா என்று அம்மா கேட்கிறாள், உண்மையான இடுப்பளவை அனுப்பவும். அப்பா தினமும் பால் விட்டுவிட்டு வந்ததும் கொட்டகையில் வாசிக்கிறார். எனக்குப் பரீட்சை நெருங்குகிறது, படிக்க முடியவில்லை, நான் புகார் சொல்லவில்லை.

அக்கா, நீ கோபப்பட்டதில் தப்பில்லை. அப்பா உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று நானே கேட்டேன். "வாசிக்கத் தெரியாத அப்பனை அவளுக்கு எப்படிக் காட்டுறது?" என்றார். இதை உனக்கு எழுதாதே என்றும் சொன்னார். எழுதிவிட்டேன்.

இந்த இடத்துக்கு வந்தபோது அப்பா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நான் தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன். அவர் எட்டிப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்பிள்ளை எப்படி நடப்பாருன்னு கேட்டு எழுது" என்றார். அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதியிருக்கிறேன், ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.

எதற்கு என்று கேட்டேன். நீங்கள் இருவரும் மண்டப வாசலிலிருந்து உள்ளே வரும்போது அவர்தான் முன்னால் வாசித்துக்கொண்டு போக வேண்டுமாம். அதற்குப் புதிதாக ஒரு மெட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார். உன் நடை அவருக்குத் தெரியும், பஸ் போய்விடும் என்கிற நடை. மாப்பிள்ளையின் நடை தெரியாமல் தாளம் நிற்கவில்லையாம். எட்டி எட்டி வைப்பாரா, அளந்து அளந்து வைப்பாரா, உன்னை முந்திப் போவாரா, நின்று கூட்டிக்கொண்டு போவாரா என்று கேட்கிறார். நடையையெல்லாம் கடிதத்தில் எப்படி அப்பா எழுத முடியும் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப முன்னாடியே ரெண்டு பேரையும் வந்துட்டுப் போகச் சொல்லு. நம்ம தெருவுல ஒரு தடவை நடந்து காட்டட்டும்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் எழுது அக்கா. அந்த மெட்டு பாதியில் நிற்கிறது.

உங்கள் இருவரையும் வாசலில் நின்று பார்க்கக் காத்திருக்கும்,
உன் அன்புத் தங்கை